மூச்சுவிட ஆறு நிமிடம்

எங்கள் ஊரின் பெயர் வூச்.
சொல்லும்போதே அரை மூச்சு வெளியே போய்விடும்.
போலந்து மொழியில் படகு என்று பொருள்.
ஆறு எங்கே என்று கேட்காதீர்கள்,
ஆலைகள் வந்த காலத்திலேயே
எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் தள்ளி மூடிவிட்டார்கள்.
அவற்றின் மேல் நான் ட்ராம் ஓட்டுகிறேன்,
இருபத்திரண்டு வருடமாக.

மூச்சுவிட நேரமில்லை என்று
மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பணிமனை மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி
புஸ் புஸ்ஸென்று காற்றடித்தார்.
நூற்று எழுபத்திரண்டு.
மாத்திரை எழுதினார். பிறகு
கெட்ட வார்த்தை சொல்லப்போகிறவர் மாதிரி
குரலைத் தாழ்த்தி,
"கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம் நிற்பீர்களே,
கண்ணை மூடி மூச்சை எண்ணிப் பாருங்களேன்,
திருமதி வியெஸ்லாவா.
பத்து வரை. தவறினால் மறுபடி ஒன்று."

ஆறு நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டும்,
பிளாஸ்க் தேநீரைப் பாதியாவது குடிக்க வேண்டும்,
பின்கதவில் சிக்கிய யாருடைய குடையையோ
இழுத்தெடுக்க வேண்டும்.
மிச்சம் இரண்டரை.

ஒன்று.
இரண்டு.
எரிவாயு பில்.
மறுபடி ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரைத் துளைக்கும்
மேல்வீட்டு ஸாவிட்ஸ்கி.
ஒன்று. இரண்டு.
நான் எழுதிய பதினான்கு வரிக்கு
ரோட்டர்டாமிலிருந்து மகன் அனுப்பிய
ஒற்றைக் கட்டைவிரல்.
ஒன்று.
"நான்கு நிமிடம் தாமதம்" என்று
ஒலிபெருக்கியில் மிரெக்.

மூன்று வாரம் நான்கைத் தாண்டவில்லை.
வெளியே மூச்சு விடவில்லை இதைப் பற்றி.
ட்ராம் ஓட்டுகிறவள் கண்ணை மூடிக்கொள்கிறாளாம் என்று
கிளம்பிவிட்டால் போச்சு.

அக்டோபரில் ஒருநாள்.
ரொட்டிக்கடை எதிரே, தண்டவாளத்தின் மேலேயே,
வழக்கமான அந்தச் சாம்பல் நிற ஸ்கோடா.
விளக்கைச் சிமிட்டவிட்டு ஆள் உள்ளே.
மணியடித்தேன்.
கண்ணாடியைத் தட்டிக் கத்தத்தான் எழுந்தேன்.
எழும்போது கவனித்தேன்,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஐந்து. ஆறு.
கசகசா ரொட்டியோடு வந்தான்,
மன்னிப்புக் கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஏழு.
கோபம் போய்விட்டதா என்றால், இல்லை,
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது,
டிக்கெட் வாங்கிய பயணி மாதிரி.
அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் கத்தினேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈர இலைகளில் சக்கரம் வழுக்கினால்
எங்களுக்கு ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் தண்டவாளத்தில் ஒரு பிடி மணல் விழும்.
மணல் மழையை நிறுத்தாது.
சக்கரம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நேற்று, இரவின் கடைசிக்கு முந்தைய ஓட்டம்.
ட்ராம் வளைந்து திரும்பும் இடத்தில்
பிர்ச் மரங்கள் நனைந்து நின்றன.
எல்லோரும் இறங்கியாயிற்று என்று
விளக்கைக் குறைத்து, கண்ணை மூடி எண்ணினேன்.
நான்கு, ஐந்து என்று வழுக்காமல் போனது.
எட்டு. ஒன்பது.
பத்து!
இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்குக்
கைதட்டியதில்லை. இப்போதும் இல்லை.
ஆனால் அந்தச் சத்தம்
என் மூக்கிலிருந்து வரவில்லை.

கடைசி இருக்கையில் ஒருவர்,
கிடங்கு வேலைக்காரரின் பளீர் மஞ்சள் மேலங்கி,
ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குகிறார்.
அவர் வாயருகே கண்ணாடியில்
காசளவு பனி
விரிவதும் சுருங்குவதுமாக.
நான் எண்ணியது அவருடைய மூச்சை.

கடைசி நிறுத்தத்தில்
எல்லோரையும் எழுப்பி இறக்கிவிட வேண்டும் என்பது விதி.
மிரெக் கூப்பிட்டான்: "கிளம்பலாமா?"
மணியடிக்காமல் மெல்ல நகர்த்தினேன்.
மண்ணுக்கடியில் எங்கேயோ ஆறு போய்க்கொண்டிருக்க,
அவர் இறங்க வேண்டிய இடம் எது என்று தெரியாமலே
ஊருக்குள் திரும்பினோம்.
ஒன்று.